நெடுவலா, இடக்கையா?

1

மறுப்புக் கடிதம் வந்தபோது நான் பாலர் பள்ளியின் உடைமாற்றும் அறையில் முழங்காலில் நின்று, மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுக்கு மழைக்காற்சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் அலுவலகக் கடிதங்கள் இப்போது பெரும்பாலும் தபாலில் வருவதில்லை. கைத்தொலைபேசி ஒருமுறை சிணுங்கும். இரகசிய இலக்கத்தைப் போட்டுத் திறந்தால் உங்கள் தலையெழுத்து அதற்குள் இருக்கும். பிள்ளையின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருக்க, நான் திறந்தேன்.

என் கணவருக்குப் பராமரிப்பு இல்லத்தில் நிரந்தர இடம் கேட்டிருந்தேன். அது கிடையாது என்று முதல் வரியிலேயே இருந்தது. காரணம் கீழே. “நேர்காணலின்போது அவர் உற்சாகமாகவும் தெளிவாகவும் தனது இளமைக்கால விளையாட்டைப் பற்றி நீண்ட நேரம் உரையாடினார். பெயர்களையும் நிகழ்வுகளையும் ஒழுங்காக நினைவுகூர்ந்தார். காரணகாரியத்தோடு வாதம் செய்தார். பின்னேரங்களில் மனைவியுடன் பேசுவதில் நேரத்தைச் செலவிடுகிறார்.”

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். பக்கத்தில் நின்ற நோர்வேஜியப் பெண், “நல்ல செய்தியா?” என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். பிள்ளை பாதி மாட்டிய காற்சட்டையோடு அங்கேயே நின்றிருக்க வேண்டும். அதை நான் பிறகுதான் யோசித்தேன்.

ஊரில் இருக்கிற நீங்கள் நினைப்பீர்கள், வெளிநாட்டில் அரசாங்கமே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று. பார்க்கும்தான். ஆனால் அதற்கு முதலில் நீங்கள் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறீர்கள் என்று அரசாங்கத்துக்கு விளங்க வேண்டும். எங்களுக்கு அது விளங்காமல் போனதற்குக் காரணம், நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னர் பந்து வீசிய இரண்டு பேர். அவர்கள் இருவரையும் நான் என் கண்ணால் கண்டதில்லை.

2

இவருடைய பெயர் பிரகாசம். அறுபத்தாறு வயது. ஒஸ்லோவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். பனிப்புயலிலும் ஒரு நிமிடம் பிந்தாமல் கொண்டுபோய் நிறுத்துவார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். மறதி நோய் வந்து இது மூன்றாவது வருடம். முதலில் போனது நோர்வேஜிய மொழி. கடைசியாகப் படித்ததுதான் முதலில் போகும் என்று டொக்டர் சொன்னார். ஒருநாள் காலையில் வெதுப்பகத்தில் பாண் வாங்கப் போனவர், பாணுக்கு என்ன சொல்லுவது என்று தெரியாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று விரலால் காட்டியிருக்கிறார். பிறகு வீதிகள் போயின. தன் பஸ் ஓடிய பாதையிலேயே வழி தெரியாமல் நின்றவரை, பழைய கூட்டாளி ஒருவர் கண்டு கூட்டிவந்தார். பிறகு எங்கள் ஒரே மகளின் பெயர் போனது.

போகாமல் நின்றது ஒரு வாக்குவாதம்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு முந்திய ஐந்தாறு வருடங்களில், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில், எந்தப் பந்துவீச்சாளனுக்கு முன்னால் ஒருவராலும் நின்றுபிடிக்க முடியாமல் இருந்தது? இதுதான் கேள்வி. இரண்டு பெயர்கள். ஒருவர் தேவராசா. நல்ல உயரம், அதனால் நெடுவல். வேகப்பந்து. மற்றவர் தீவுப்பகுதியில் இருந்து வந்த றொபேட். இடது கையால் மெதுவாகச் சுழற்றிப் போடுவார், எல்லோருக்கும் அவர் இடக்கை. என் கணவர் நெடுவல் பக்கம். அவர் நெடுவலின் பள்ளிக்கூட அணியில் பன்னிரண்டாவது ஆள். விளையாடியதை விடத் தண்ணீர் கொண்டுபோனதுதான் கூட.

இடக்கை பக்கம் நின்றவர் மனுவல் அண்ணை. வட நோர்வேயில் அகதி முகாமில் இருவரும் ஒரே அறை. அங்கே தொடங்கிய வாக்குவாதம். பிறகு மனுவல் அண்ணை ஒஸ்லோவின் கிழக்கே ஸ்டோவ்னரில் வீடு எடுத்தார், நாங்களும் கிழக்குப் பக்கமே வந்தோம். ஞாயிறு தோறும் தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் கையில் கோப்பிக் குவளையோடு தொடங்குவார்கள்.

“நெடுவல் எத்தினை வருசமடா போட்டவன்? ரெண்டே ரெண்டு வருசம். பிறகு தோள்மூட்டுப் போயிட்டுது. இடக்கை ஆறு வருசம். ஒரு காலத்தை ஆண்டவன் எண்டால் அவனல்லோ?”

“ஆறு வருசம் இடக்கைக்கு அடிக்கப் பயந்தாங்கள். ரெண்டு வருசம் நெடுவலுக்கு முன்னாலை நிக்கவே பயந்தாங்கள். ரெண்டும் ஒண்டோ?”

“விக்கெட் ஆருக்குக் கூட? அதைச் சொல்லு.”

“நெடுவலுக்குப் பயந்து மற்றப் பக்கம் ஓடிப்போய், அங்கை அவசரப்பட்டு அடிச்சு அவுட்டானவங்களை ஆற்றை பேரிலை எழுதினது? அதை நீ சொல்லு முதல்!”

முப்பது வருடம் இதே கதை. நான் மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். எனக்கு நெடுவலும் ஒன்று, இடக்கையும் ஒன்று. மண்டபத்துக் குசினியில் குவளை கழுவிக்கொண்டு, “உங்கள் ரெண்டு பேருக்கும் வேறை கதையே இல்லையோ?” என்று சத்தம் போடுவேன். அந்தச் சத்தத்தைத் திரும்ப எடுக்க முடியுமென்றால் எடுத்துவிடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் மனுவல் அண்ணை கனடாவில் இருக்கிற மகளோடு இருக்கப் போய்விட்டார். மனைவி இறந்தபின் தனியே இருக்க ஏலவில்லை. அங்கிருந்து படம் தெரிகிற அழைப்பில் எடுத்தார். இவர் தொலைபேசியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். உள்ளே இருக்கிற ஆள் எந்தப் பக்கத்தால் வெளியே வருவான் என்று தேடினார். மனுவல் அண்ணை அந்தப் பக்கம் அழுதுகொண்டே அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுப்பது குறைந்துபோயிற்று. அவரை நான் குறை சொல்லவில்லை.

3

இந்த நோயில் பின்னேரம்தான் பொல்லாதது. குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது இவர் சப்பாத்துப் போட்டபடி விறாந்தையில் நிற்பார். வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். இதுதான் வீடு என்றால் என்னைப் பேசத் தொடங்குவார். கதவுத் திறப்பை ஒளித்தவள், கள்ளி, தன்னைச் சிறைவைத்தவள். முப்பத்தைந்து வருடத்தில் என்னை ஒரு சொல் கடுமையாகச் சொல்லாத மனிதர்.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. களைத்துப்போய்க் கதிரையில் இருந்துகொண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்.

“என்னதான் சொன்னாலும் இடக்கைதான்.”

இவர் நின்றார். திரும்பினார். முகம் மாறியது.

“டேய் மனுவல், உனக்கென்ன விசரோ?” என்று கேட்டுக்கொண்டு முன்னால் இருந்த கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

ஒரு மணித்தியாலம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கண் பளபளக்க, ஒரு சொல் தடக்காமல் கதைத்தார். சணல் விரிப்புப் போட்ட ஆடுகளத்தில் பந்து எப்படி எழும்பும், காற்று கடல் பக்கத்தால் அடித்தால் நெடுவல் எந்தக் கரையால் போடுவான், எல்லாம். முடியும்போது தேத்தண்ணி கேட்டார். குடித்தார். அமைதியாக இருந்தார்.

அன்று தொடக்கம் ஒன்றரை வருடம், ஒவ்வொரு பின்னேரமும் நான் மனுவலாக இருந்தேன். குசினியில் கழுவிக்கொண்டு காதில் விழுந்ததெல்லாம் எனக்குள் கிடந்திருக்கிறது. இடக்கையின் ஆறு வருடத்தை நான் சொல்ல, இவர் தேவராசா என்று பெயரைச் சொல்லித் தொடங்கி நெடுவலின் இரண்டு வருடத்தைச் சொல்வார். ஒவ்வொரு நாளும் அதே சொற்கள், அதே இடத்தில் ஒரு இருமல், அதே இடத்தில் மேசையில் ஒரு தட்டு. கடைசியில் நான் தோற்க வேண்டும். “சரி, உன்ரை நெடுவல்தான்,” என்று சொன்னால்தான் தேத்தண்ணி இறங்கும். ஒன்றரை வருடமாக என் வீட்டில் நான் றெஜினா இல்லை. டேய் மனுவல்.

4

அலுவலகத்தில் இருந்து வந்த பெண்ணின் பெயர் ஹில்டெ. நல்ல பெண். சப்பாத்தை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு வந்து இருந்தாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். முப்பது வருடம் இங்கே இருந்தும் என் நோர்வேஜியம் பாலர் பள்ளி நோர்வேஜியம். கை கழுவு, வரிசையில் நில், தொப்பி எங்கே. ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவதை அந்தச் சொற்களால் சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பாளர் நேரே வரவில்லை. மேசையில் ஹில்டெயின் தொலைபேசி, அதற்குள் ஒரு குரல்.

“வணக்கம் மேடம், நான் இன்டர்பிரட்டர் பேசுறேன். நல்லா இருக்கீங்களா?”

தமிழ்நாட்டுத் தம்பி. மரியாதையான குரல். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தமிழ் தமிழ்தானே என்று நினைத்தேன்.

பின்னேரங்கள் எப்படிப் போகின்றன என்று ஹில்டெ கேட்டாள்.

“பின்னேரமானால் இவர் என்னைப் பேசுறார். நெடுகப் பேசுறார். தாங்கேலாமல் கிடக்கு,” என்றேன்.

தம்பி மொழிபெயர்த்தான். ஹில்டெ புன்னகையோடு தலையாட்டி எழுதினாள். எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது என்று அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்? அவனுடைய ஊரில் பேசுவது என்றால் வெறுமனே கதைப்பது. மாலை வேளைகளில் கணவர் மனைவியோடு நிறையக் கதைக்கிறார் என்று அவன் சொல்லியிருக்கிறான். தாங்க முடியவில்லை என்றதை எப்படிச் சொன்னானோ தெரியாது.

பிறகு ஹில்டெ இவரைப் பார்த்து, இளம் வயதில் உங்களுக்கு என்ன விருப்பம் என்று கேட்டாள். தம்பி கேட்டான். அவ்வளவுதான். இவர் தொலைபேசிப் பக்கம் குனிந்தார்.

“தம்பி, நீர் கிரிக்கெட் பாக்கிறனீரோ?”

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! நான் கல்லூரி டீம்ல ஓப்பனிங் பவுலர் சார்.”

நெடுவல் வந்தான். இடக்கை வந்தான். தம்பி இடைக்கிடை கேள்வி கேட்டான். “பிட்ச் மேட்டிங்கா சார்?” “அப்போ பேட்ஸ்மேனுக்கு ஹெல்மெட்லாம் கிடையாதுல்ல?” இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எல்லாம் முப்பது வருடம் மனுவல் அண்ணைக்குச் சொன்ன அதே பதில்கள். இருபது நிமிடம். தம்பி சிரித்தான், இவர் சிரித்தார், ஹில்டெயும் ஒன்றும் விளங்காமலே சிரித்தாள். நான் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு, இது ஒரு பதிவுநாடா ஓடுவது மாதிரி, இதற்குள் ஆள் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். எந்த மொழியில் தொடங்குவது என்று தெரியவில்லை.

போகும்போது தம்பி தமிழில் எனக்குத் தனியாகச் சொன்னான்:

“மேடம், சார் செம ஷார்ப்பா இருக்காரு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க.”

அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. அவன் ஒரு வயதானவரைச் சந்தோசப்படுத்தினான்.

5

மகள் நிஷா ஸ்தவாங்கரில் பொறியியலாளர். ஒஸ்லோவில் பிறந்தவள். தமிழ் கதைப்பாள், ஆனால் நடுவில் நோர்வேஜியம் கல்லுப் போல வந்து விழும். மறுப்புக் கடிதத்தை அனுப்பினேன். உடனே எடுத்தாள்.

“அம்மா, நாங்கள் க்லாகெ எழுதவேணும். மூண்டு கிழமைதான் ஃப்ரிஸ்ட் இருக்கு. நான் எழுதிறன். நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம்.”

ஃப்ரிஸ்ட் என்றால் தவணை, க்லாகெ என்றால் மேன்முறையீடு. அந்தச் சொல் என் வாயில் நுழைய முன்னமே அவள் அரைவாசி எழுதி முடித்திருப்பாள். அந்தச் சனி, ஞாயிறு விமானம் ஏறி வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு.

இவர் அவளைக் கண்டதும் எழும்பி நின்றார். வீட்டுக்கு வந்த பெரிய மனிசருக்கு எழும்புவது மாதிரி.

“இருங்கோ தங்கச்சி. நீங்கள் ஆற்றை பிள்ளை?”

“உங்கடை பிள்ளை அப்பா.”

“அப்பிடியோ?” என்று மரியாதையாகச் சிரித்தார்.

அவள் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்து, என்னிடம் கேட்டு வைத்திருந்த அந்தக் கேள்வியைக் கேட்டாள். “அப்பா, நெடுவலா, இடக்கையா?” அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது. பாடசாலைக் காலத்தில் பனிச்சறுக்குத்தான். இவர் அவளுக்கு அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அவள் தொலைபேசியில் பதிவு செய்தாள். அடுத்த நாளும் அதே கேள்வியைக் கேட்டு அதே மாதிரிப் பதிந்தாள். பிறகு அறைக்குள் போய் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டாள். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் அதே சொற்கள். அதே இருமல். மேசையில் அதே தட்டு.

“இதை நான் வரிக்கு வரி மொழிபெயர்த்து க்லாகெயோடை அனுப்பிறன். அவைக்கு இப்ப விளங்கும்,” என்றாள். குரல் அலுவலகக் குரல். பிறகு தொலைபேசியைக் கட்டிலில் எறிந்தாள்.

“அந்த ரெண்டு பேற்றை பேரும் இருக்கு அம்மா. என்ரை பேர் இல்லை. நான் ஆரெண்டே தெரியாத ரெண்டு பேர்.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். “அது நோய் பிள்ளை,” என்று மட்டும் சொன்னேன். அவள் நோர்வேஜியத்தில் “தெரியும்” என்றாள். ஞாயிறு பின்னேரம் விமான நிலைய ரயிலுக்குப் போகும்போது தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். அவர் கையைத் தொங்கவிட்டபடி, அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் அகப்பட்டவர் போல நின்றார்.

6

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் இத்தனையையும் எழுதினேன்.

தை மாதம். மழை பெய்து அது உறைந்து, எங்கள் அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடம் முழுவதும் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சனிக்கிழமை பின்னேரம். கடைக்குப் போய் வந்து காரால் இறங்கினோம். இவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தொடங்கிவிட்டார். என் கையில் இரண்டு பை. முதுகு நோவு. முதல்நாள் வேலையில் மேலாளர், இப்படி அடிக்கடி லீவு எடுத்தால் எப்படி என்று கேட்டிருந்தாள். நான் வழக்கம்போல, “இடக்கைதான்,” என்றேன்.

“டேய் மனுவல், விசரோ உனக்கு? நெடுவலுக்கு முன்னாலை ஒருத்தன் நிண்டவனோ?”

அங்கேயே தோற்றிருக்கலாம். அன்று எனக்குத் தோற்க மனம் வரவில்லை.

“ரெண்டு வருசம் போட்டவனுக்கு ஒரு காலத்தை எழுதிக் குடுக்கேலாது. தோள் போனாப் பிறகு அவனை ஆர் தேடினது? ஒருத்தரும் தேடேல்லை. நீங்களும் தேடேல்லை.”

இவர் என்னைப் பார்த்தார். மனுவல் அண்ணை சொல்லாத ஒன்றை மனுவல் சொல்லிவிட்டான். நான் நிறுத்தவில்லை.

“அதோடை, நீங்கள் தண்ணி கொண்டுபோன ஆள். உங்களுக்கு என்ன தெரியும்? ஒருநாளாவது அவன்ரை பந்துக்கு முன்னாலை நிண்டனீங்களோ?”

இதைச் சொன்னது நான்தான். மனுவல் இல்லை. ஒன்றரை வருடப் பின்னேரங்கள் எல்லாம் சேர்ந்து வாயால் வந்தன.

 இவர் தோளை நிமிர்த்தினார்.

“அவன் எப்பிடி வந்தவன் எண்டு காட்டிறன். நில். உதிலை நில்.”

“வேண்டாம், ஐஸ் கிடக்கு…”

கார்களுக்கு நடுவே பின்னுக்குப் பின்னுக்குப் போனார். நான் பைகளைக் கீழே வைத்துவிட்டு ஓட முதல், இவர் ஓடிவரத் தொடங்கிவிட்டார். அறுபத்தாறு வயது மனிதர், குளிர் அங்கியோடு, தலையை அசைக்காமல், முழங்கால் உயர்ந்து உயர்ந்து. நான் ஒருநாளும் காணாத நெடுவலை அந்த நாலைந்து அடியில் கண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. கையை மேலே கொண்டுவந்தார். கால் போயிற்று.

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. அவசர சிகிச்சை நிலையத்தில் ஐந்து மணித்தியாலம் இருந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கட்டுப்போட்ட கையைப் பார்த்து, இது எப்படி வந்தது என்று கேட்டார்.

“பந்து போடேக்கை விழுந்தனீங்கள்.”

“விக்கெட் விழுந்ததோ?”

“ஓம்,” என்றேன். ஒவ்வொரு முறையும் சந்தோசப்பட்டார்.

எப்படி விழுந்தார் என்று தாதி கேட்டாள். வழுக்கினார் என்றேன். நிஷாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவருக்கும் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

7

இடம் கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை போகிறார். மேசையில் இவருடைய மேற்சட்டைகள், உள்ளுடுப்புகள், காலுறைகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் பெயர் தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எப்படிக் கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

மேன்முறையீட்டைப் பார்த்துவிட்டு ஹில்டெ மாசி மாதம் மீண்டும் வந்தாள். இந்த முறை மொழிபெயர்ப்பாளரைக் கூடவே கூட்டிவந்தாள். நெடுந்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர், என் வயதுதான். இவர் பின்னேரங்களில் பேசுகிறார் என்று நான் திரும்பவும் சொன்னேன். அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். ஹில்டெ எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். “ஏசுகிறாரா?” என்று நேரே என்னிடமே கேட்டாள். தன் பழைய குறிப்பைத் திருப்பிப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிற்று.

பிறகு இவர் பக்கம் திரும்பினாள். கையில் கட்டு இன்னும் இருந்தது. அன்பாகத்தான் கேட்டாள். “போனமுறை இரண்டு பந்துவீச்சாளர்களைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கு நல்ல விருப்பமாக இருந்தது. அவர்களில் யார் பெரியவர்?”

 இதோ தொடங்கப்போகிறார், இருபது நிமிடம், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

இவர் முன்னுக்குச் சாய்ந்தார். கண் பளபளத்தது. “அது வந்து… ஒருத்தன் நெடுவல்,” என்றார். நின்றார். “நெடுவல் எண்டுறது பட்டம். பேர் வந்து…”

பெயர் வரவில்லை.

அந்தப் பெயர்தான் இவருக்குக் கதவு. அது திறந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். கை மேசையைத் தட்டத் தயாராக எழும்பி, அந்தரத்தில் நின்றது. “மற்றவன் இடக்கையாலை போடுறவன்… அவன்ரை பேரும்…” சுவரைப் பார்த்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தேவராசா. என் நாக்கின் நுனியில் இருந்தது. ஒன்றரை வருடம் ஒவ்வொரு பின்னேரமும் கேட்ட பெயர். நான் அதைச் சொன்னால் போதும். இவருடைய பதிவுநாடா ஓடத் தொடங்கிவிடும். ஹில்டெ எழுதுவாள், தெளிவாக இருக்கிறார் என்று. நான் சொல்லாவிட்டால் இடம் கிடைக்கும். இவர் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுக்கடலில் நின்று கரையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

 மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் அந்த அம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இவர், “பிறகு சொல்லுறன்,” என்று மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா அதை மொழிபெயர்த்தார். ஹில்டெ எழுதினாள்.

அவர்கள் போனார்கள். நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்கக் குனிந்தேன்.

“றெஜினா.”

கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தேன். கடைசியாக அந்தப் பெயரைச் சொல்லி எப்போது கூப்பிட்டார் என்று எனக்கு ஞாபகமில்லை.

“ஓம்.”

“அவன்ரை பேர் உமக்குத் தெரியுந்தானே?”

நான் கோப்பையின் பிடியைத் திருப்பி வைத்தேன்.

“நான் உம்மைத்தான் பார்த்தனான். உம்மடை சொண்டு அசைஞ்சது. ஏன் சொல்லேல்லை?”

“மறந்துபோனன்,” என்றேன்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உடையாத கையால் என் கையைப் பிடித்து, புறங்கையில் மெல்லத் தட்டினார்.

“அதுக்கேன் அழுறீர்? எனக்கும் இப்ப அப்பிடித்தான்,” என்றார்.